முன் வரிசையில் மாமி

கடந்த பங்குனி மாத முடிவில் டொல்மெச்சர் அண்ணை வின்டர்தூர் நகரில் காலமானார். வயது அறுபத்துமூன்று. நோய், புரொஸ்டேட் புற்றுநோய். கண்டறியப்பட்டபோது அது முதுகெலும்பை எட்டியிருந்தது.

மரணப் பதிவில் ஏறாத செய்தி ஒன்றும் உண்டு. சுவிஸில் தமிழருக்கும் வெள்ளையருக்கும் இடையே போர் மூளாமல் காத்த தனி மனிதர் அவர். ஜெர்மன் மொழியில் டொல்மெச்சர் என்றால் மொழிபெயர்ப்பாளர். தொழிற்சாலை வேலை முடிந்ததும் டை கட்டிக்கொண்டு, அழைத்தவருடன் மருத்துவரிடமோ அலுவலகத்துக்கோ புறப்பட்டுவிடுவார். என்னிலும் இளையவர்; ஊரில் வாத்தியாராயிருந்த எனக்கும் அண்ணைதான். எவர் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து மரியாதையாகவே வெளிவரும்.

அடுக்குமாடியின் பொதுச் சலவை அறையில் தன் முறையைப் பறிகொடுத்த ஒருவர் வீட்டுக்காரரைக் காட்டி, "இந்த விசரனுக்குத் தலைக்குள்ளை ஏதும் கிடக்கோ எண்டு கேளுங்கோ அண்ணை!" என்று கத்தினார்.

அண்ணை ஜெர்மனில் சொன்னார்: "உங்கள் தலைவலி சுகமா என்று விசாரிக்கிறார்."

உருகிப்போன வீட்டுக்காரர் வாரத்தில் இன்னொரு சலவை நாளும் தந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மண்டபத்தில் சுகாதாரக் கூட்டம் ஒன்றை ஒழுங்கு செய்தேன். வந்திருந்த சுவிஸ் மருத்துவர் புரொஸ்டேட் பற்றி நெடுநேரம் பேசினார். தொடக்கத்தில் இந்நோய் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். ஐம்பதைக் கடந்தவர்கள் இரத்தப் பரிசோதனையின் நன்மை தீமைகளைத் தம் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்றார். பின்வழியாக விரலால் சோதிப்பதையும் விரலை உயர்த்தியே விளக்கினார். ஆண்கள் அனைவரும் மண்டபத்தின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

மொழிபெயர்க்க நின்ற அண்ணை முன் வரிசையைப் பார்த்தார். டையைச் சரிசெய்தார்.

"ஐம்பது தாண்டின ஆம்பிளையள் தண்ணி நிறையக் குடிக்கட்டாம்."

"அவர் விரலைக் காட்டினவரெல்லே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கேள்வி இருந்தா விரலை உயர்த்தட்டாம்."

ஒருவரும் உயர்த்தவில்லை. இவ்வளவுதானா என்று மருத்துவர் வியந்தார். தமிழ் செறிவான மொழி என்று அண்ணை விளக்கினார். விடுதலை பெற்ற ஆண்கள் வடைத்தட்டை நோக்கி நடந்தார்கள்.

"என்ன அண்ணை, முழுக்க விழுங்கிப்போட்டியள்?" என்று கேட்டேன்.

"மாஸ்டர், முன் வரிசையிலை என்ரை மாமி இருக்கிறா. பெண் தந்த மனுசிக்கு முன்னாலை அந்தக் கதையை நான் என்னெண்டு கதைக்கிறது?"

"அதை விடுங்கோ. நீங்கள் சோதிச்சனீங்களோ?"

"சோதிச்சாத்தானே மாஸ்டர் ஏதும் இருக்கும்!"

இருவரும் சிரித்தோம்.

பின்னாளில் முதுகு வலித்தபோது, பனி வழித்ததால் வந்தது என்றார். மருத்துவமனையில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. மருத்துவர் சொன்ன எல்லாவற்றையும் நேராகவே கேட்டார். மருத்துவர் போனபின், துணைக்குப் போயிருந்த என் பக்கம் அண்ணை திரும்பினார்.

"அண்டைக்கு அந்த மனுசன் சொன்னதிலை ஒரு சொல்லும் நான் மறக்கேல்லை, மாஸ்டர். இன்னொரு கூட்டம் வையுங்கோ. முழுசாச் சொல்லுறன். மாமியும் இருக்கட்டும்."

"கதைக்க ஏலுமோ அண்ணை?"

"டை கட்டினா ஏலும்."

அந்தக் கூட்டத்துக்கு இன்னும் செய்யாமல் நிற்பவை:

மண்டபத்துக்கு நாள் கேட்பது.
அதே மருத்துவரை மீண்டும் அழைப்பது.
மாமிக்கு முன் வரிசையில் இடம் வைப்பது.
அண்ணையின் இடத்தில் நிற்க ஒருவரைத் தேடுவது. மற்றவற்றை இந்த வாரமே முடித்துவிடலாம். இதற்குத்தான் மனம் வரவில்லை.