எண்பத்திரண்டு விழுக்காடு மூலிகை

அரங்கத்தில் எள் விழ இடமில்லை. முட்டிவலிக்காரர்கள் முண்டியடித்து முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். மூச்சிரைப்புக்காரர்கள் மூன்று மாடி ஏறி வந்திருந்தார்கள். இவ்வளவு தெம்பு இருப்பவர்களுக்கு மருந்து எதற்கு என்று கேட்கத்தான் ஆளில்லை.

மேடையில் மூலிகைப் பேரரசர். பட்டத்தை அவரே சூட்டிக்கொண்டார். விழாச் செலவு மிச்சம். பழுப்புத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையைத் தூக்கிக் காட்டினார்.

"இதுதான் உங்க உடம்புல ஊறிக் கிடக்குற விஷம்!"

பச்சைக் குப்பியிலிருந்து சில சொட்டு விட்டார். பழுப்பு மறைந்து தண்ணீர் தெளிந்தது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. குவளைக்கு நோய் தீர்ந்தது, சரி. மனிதனுக்கு?

அவர் முதுகுக்குப் பின்னால் ஆளுயரப் பலகை: 'ஆய்வகச் சான்று! 82 விழுக்காடு!' கீழே ஒரு கையெழுத்து.

கையெழுத்துக்குச் சொந்தக்காரி மூன்றாம் வரிசையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். மூலிகைகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. பேரரசர் அனுப்பிய இலையின் சாறு, சோதனைக் குழாயிலிருந்த நிறத்தை நூற்றுக்கு எண்பத்திரண்டு பங்கு வெளுக்க வைத்தது. அதைத்தான் எழுதிக் கொடுத்தாள். நோய் என்ற சொல்லே அதில் இல்லை.

பக்கத்தில் அவள் கணவர், சலவைக்கடைக்காரர். எட்டு வருடச் சர்க்கரை நோயாளி. போன வாரம் மாத்திரையைக் குப்பையில் கொட்டிவிட்டு இந்த மருந்துக்கு மாறியவர், நேற்று இஸ்திரி மேசை மேலேயே மயங்கிச் சாய்ந்தார். அவள் அழுதே விட்டாள்.

"நீயே கையெழுத்துப் போட்டுட்டு நீயே வேணாங்குறியே!" என்று அவர் கேட்டதுதான் அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. மருந்துக் குப்பியின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்ததும் அவளை உறுத்தியது.

எழுந்தாள். "ஐயா, அந்தச் சோதனையைச் செஞ்சவ நான்தான்."

"வாங்கம்மா! விஞ்ஞானமே மேடைக்கு வருது பாருங்க!" பேரரசருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

அவள் மேடையேறி, மேசையில் வரிசையாக இருந்த பழுப்புக் குவளைகளில் இன்னொன்றை எடுத்து, கணவருக்கு மயக்கம் வந்தால் ஆகுமென்று கைப்பையில் போட்டிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். அதுவும் தெளிந்தது.

பேரரசர் அசரவில்லை. "எலுமிச்சையும் மூலிகைதானே!"

அதற்கும் கைதட்டினார்கள். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்னங்க, உங்க சட்டைப் பையில இருக்குற மருந்தைக் குடுங்க."

"எதுக்கும்மா? என் குப்பியே இருக்கே!" பேரரசர் பதறினார்.

"இவங்க காசு குடுத்து வாங்குனதை ஊத்திப் பாப்போம், ஐயா."

மூன்றாவது குவளையில் ஊற்றினாள். விஷம் தெளியவில்லை. மை மாதிரிக் கறுத்தது! அரங்கமே வாயைப் பிளந்தது.

"இது விஷமில்லைங்க. காயத்துக்குப் போடுற அயோடினைத் தண்ணியில கலந்திருக்காரு. மாவு பட்டா அயோடின் இப்படித்தான் கறுக்கும். அவர் குப்பியில இருக்குறது வேற. நீங்க வாங்குனது பச்சைச் சாயம் போட்ட கஞ்சி."

சலவைக்கடைக்காரர் தாவி வந்து, குப்பியில் மிச்சமிருந்ததை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். இருபது வருட அனுபவம் பேசியது.

"அட, சட்டைக் காலருக்குப் போடுற பதம்! யோவ், சர்க்கரைக்காரன் வயித்துக்கா கஞ்சி போட்டே?"

பேரரசர் பின்வாசலைத் தேடி ஓடினார். முட்டிவலிக்காரர்கள் அவரைவிட வேகமாகத் துரத்தினார்கள்.

"வழியில மாத்திரை வாங்கிட்டுப் போயிடலாம் வா," என்றார் கணவர், அவள் முகத்தைப் பார்க்காமலே. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

படியிறங்கும்போது ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்து வழிமறித்தார். கையில் அந்தக் கறுத்த குவளை.

"அம்மா, இந்தக் கறுப்புத் தண்ணி எதுக்கு நல்லது?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யோசிக்கிறதுக்கு நல்லதுங்க. குடிச்சிடாதீங்க, பார்த்தாலே போதும்."