கம்பளம் தயார், நேரில் வந்து மிதிக்கவும்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை, மகன் மூவரும் சுகம். அங்கு உங்கள் தையற்கடையும் முதுகுவலியும் எப்படி இருக்கின்றன? போன முறை வந்தபோது வெட்டுத்துணி மூட்டை ஒன்றை என் தலையில் கட்டிவிட்டு, "சும்மாதானே இருக்கீங்க மாப்பிள்ளை, கம்பளம் கிம்பளம் பின்னுங்க. ஆனா இது உங்க கைக்கு வர்ற வேலை இல்ல" என்று சிரித்தீர்கள் அல்லவா? சிரித்த வாயை மூடிக்கொண்டு மேற்கொண்டு படிக்கவும்.

வாழ்நாள் முழுக்க லாரிப் பட்டறையில் நட்டு முறுக்கியவன் நான். என் கை முறுக்கிய நட்டு தானாகக் கழன்றதாகச் சரித்திரமே கிடையாது. துணியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்று நாடாவைச் சடையாகப் பின்னி, அந்தச் சடையை வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தைத்தால் கம்பளம், இதென்ன பிரமாதம் என்று படுக்கையறை ஜன்னலோர மூலையில் உட்கார்ந்துவிட்டேன். பெண் குழந்தை இல்லாத வீடு, சடை பின்னிப் பழக்கமில்லை. அதனால் நாடாக்களின் நுனியை மேசையில் பூட்டிய இரும்புப் பிடியில் கவ்வக் கொடுத்து, சுவரில் காலை உதைத்துக்கொண்டு, இழு இழு என்று இழுத்துப் பின்னினேன். மேசை நகர்ந்ததே ஒழிய என் சடை நெகிழவில்லை. தைக்கும்போதும் ஒவ்வொரு சுற்றையும் அதே மாதிரி இறுக்கினேன். மூட்டை தீர்ந்துபோச்சு. முட்டியில் பீறிக் கிடந்த மகனுடைய நீலக் கால்சட்டையையும் கிழித்துச் சேர்த்தேன். சாயங்காலம் வந்தவன் குதித்தான் பாருங்கள்!

"அப்பா, அது புதுசு! கிழிச்சுத்தான் விக்கிறாங்க!"

"அப்ப மிச்சத்தையும் நான் கிழிச்சுக் குடுத்ததுக்கு நன்றி சொல்லுடா."

கம்பளத்தை முடித்துத் தரையில் போட்டால், மச்சான், அது படுக்கவில்லை. ஓரமெல்லாம் மேலே தூக்கிக்கொண்டு சட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறது! ஏறி நின்றேன்; இறங்கியதும் அதுவும் எழுந்துகொண்டது. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டேன், வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம் அடித்ததுதான் மிச்சம். உங்கள் தங்கை இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது தரையில ஒழுங்கா படுக்கணும். இல்லன்னா மேசை, கந்தல், இரும்பு எல்லாம் வெளிய போயிடும், சொல்லிட்டேன்" என்றாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, ஓய்வு பெற்றதிலிருந்து நான் எங்கே உட்கார்ந்தாலும் அவளுக்கு அங்கேதான் கூட்ட வேண்டியிருக்கிறது. இந்த வீட்டில் 'கொஞ்சம் எழுந்திருங்க' என்று யாரும் சொல்லாத ஒரே இடம் அந்த மூலைதான். அதுவும் போனால் நான் எங்கே போவேன்?

விடுவேனா? நேற்று ஞாயிறு. இப்போது நம் கூடத்தில், சுருக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், என் கம்பளம் சப்பையாகப் படுத்திருக்கிறது. சோபாவின் நான்கு கால்களும் அதன் ஓரங்களில் அழுத்தி நிற்பது அழகுக்காக மட்டுமே. மேல்வீட்டு வாத்தியாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன், தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். மேசையும் இரும்பும் வெளியே போகவில்லை. மூலை எனக்கே! மச்சான், சொந்தக் கையால் செய்தது, நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு. உங்கள் வீட்டுக் கூடத்தின் நீள அகலத்தை உடனே எழுதவும், அதைவிடப் பெரிதாக ஒன்று பின்னித் தருகிறேன்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நோய்நொடி இல்லாமல், கிழியாத உடைகளுடன் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
வேலை கைக்கு வந்துவிட்ட உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிறேன், உங்கள் தங்கை கூட்டுவதற்கு சோபாவை நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன். கம்பளம் பழையபடி எழுந்து உட்கார்ந்துகொண்டது. அவள் அதையே பார்த்தாள். போச்சு, மூலை போச்சு என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனவள் காய்ந்த துணியை அள்ளிவந்து அதற்குள் கொட்டி, காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள். "கடையில வாங்கின கூடையெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது. அழுக்குத் துணிக்கு இன்னொண்ணு வேணும். இங்க என்ன நிக்கிறீங்க? போய் மூலையில உட்காருங்க" என்றாள். ஆகவே மச்சான், கூடத்தின் அளவு வேண்டாம். மாதம் எத்தனை கிலோ வெங்காயம் வாங்குகிறீர்கள் என்று மட்டும் எழுதவும்.