சைனா நைனாவின் மீசை

வாஷிங்டனில் யாரோ ஒருவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் திருத்தணியில் ஒருவருக்குத் தாடி வளரும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் அந்தத் தாடியைக் கண்ணால் பார்த்தவன். அது சைனா நைனாவின் தாடி.

மலையடிவாரத்தில் காவடி வாடகைக்கு விடும் கடை அவருடையது. அந்தக் கடைக்கு மேல் மாடியில் நான் குடியிருந்தேன். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவி ராஜம்மா அக்காவுக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். மகள் கௌரி தைவானில் படித்து முடித்து ஷாங்காய்க்கு வேலைக்குப் போன நாளிலிருந்து ஊரே அவரைச் சைனா நைனா என்றுதான் கூப்பிட்டது. கௌரி வேலை பார்த்தது சிப் செய்யும் கம்பெனியில் அல்ல. சிப் செய்கிற எந்திரத்தைச் செய்யும் கம்பெனியில். இந்த வித்தியாசம் புரியாதவர்களுக்கு நைனா கடையில் காவடி கிடைப்பது கஷ்டம்.

"தோச வேற, தோசக்கல்லு வேற. எம்பொண்ணு கல்லு பண்றா. இன்னா, புரியுதா?"

வந்தவர் தலையாட்டும் வரை விடமாட்டார்.

சைனாவுக்கு அந்த எந்திரங்களை விற்கக் கூடாது, எந்திரத்துக்குள் போகும் சாமான்களைக்கூட விற்கக் கூடாது என்று அமெரிக்கா தடை போட்ட செய்தி வந்த காலையில், நைனா டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார். அவர் டீயை ஆறவிட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"போச்சு சார். வால்வு வராது, பம்பு வராது. கம்பெனிய இழுத்து மூடிடுவான். பாப்பா நடுத்தெருவுல நிக்கும்."

அன்றே மலையேறி வேண்டிக்கொண்டார். மகளின் வேலை போகாமல் தப்பினால் மொட்டை. அதுவரை தலையிலும் முகத்திலும் கத்தி படாது. இரண்டு மாதத்தில், காவடி எடுக்க வந்தவர்கள் அவரைச் சாமியார் என்று நினைத்து விபூதி கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் ஒருவர் கைக்குழந்தையோடு வந்து பால் காவடி கேட்டார். நைனா அவரை உட்கார வைத்து, ஹாலந்திலிருந்து வரும் எந்திரத்தில் ஆரம்பித்து ஜப்பான் வழியாக ஷாங்காய் வந்து சேர்ந்தார். குழந்தை வீறிட்டது.

"அதுக்கு இன்னா நைனா? எங்க தறிக்குக்கூட ஒரு தபா வெளியூரு சாமான் வராம போச்சு. லேத்துல குடுத்து நாங்களே பண்ணிக்கினோம். மொதல்ல தறி உதறுச்சு, அப்பால சரியாப் போச்சு."

"யோவ், இது தறியா? ஒரு மயிர லட்சமா கிழிச்சா வருமே, அந்த சைசு வேலய்யா!"

"அம்மாத்தூண்டு லுங்கிய யாரு கட்டறது?"

நைனா காவடி கிடையாது என்று சொல்லிவிட்டார். ராஜம்மா அக்காதான் பின்னாலேயே ஓடி, தறிக்காரர் கையில் காவடியைக் கொடுத்து அனுப்பினார்.

ஆனால் தறிக்காரர் சொன்னதுதான் நடந்தது. கௌரி போன் செய்தாள். "நைனா, இங்க யாரையும் வேலய வுட்டுத் தூக்கல. வெளிநாட்டு மெஷின் வராததால எல்லா ஃபாக்டரிக்காரங்களும் எங்ககிட்டதான் ஆர்டர் குடுக்கறாங்க. வராத சாமான இங்கியே பண்ணிக்கறோம். ஆளு பத்தல!"

நைனா அந்த நிமிடமே மலைக்கு ஓடி மொட்டை போட்டுக்கொண்டார். தாடியும் போயிற்று. மீசையை மட்டும் தொடவிடவில்லை. அது அரும்பிய நாளிலிருந்து அவர் அதை எடுத்ததே கிடையாது. அது இல்லாத தன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

இறங்கி வரும்போதே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. நாளைக்கு அமெரிக்கா மனம் மாறித் தடையை எடுத்துவிட்டால்? வெளிநாட்டு எந்திரம் வந்து குவிந்தால் பாப்பாவின் கல்லை யார் வாங்குவார்கள்? பாதி வழியில் திரும்பிப் போய், தடை நீடித்தால் மறுபடி மொட்டை, அதுவரை கத்தி படாது என்று வேண்டிக்கொண்டு வந்தார். எத்தனை நாள் நீடித்தால் போதும் என்று சொல்ல மறந்துவிட்டார்.

அதன் பிறகு டீக்கடையில் அவர் போக்கே மாறிவிட்டது. இரண்டு நாட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று செய்தி வந்தால் முகம் சுருங்கும். புதுத் தடை என்று வந்தால், "எல்லாருக்கும் ஒரு டீ போடுப்பா!" என்பார். எதற்கு என்று தெரியாமலேயே தெருவெல்லாம் குடித்தது.

"தட வந்துச்சுன்னு அன்னிக்கு அழுத. இப்ப தட போயிடும்னு அழுவுற. முருகன் இன்னா டிராபிக் போலீசாய்யா, நீ சொல்றப்பல்லாம் கைகாட்ட?" என்றார் ராஜம்மா அக்கா.

ஆடிக் கிருத்திகைக்கு வருவதாகச் சொன்ன கௌரி வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. வராத சாமானுக்குப் பதிலாக உள்ளூரிலேயே செய்த சாமானைப் போட்டதில் எந்திரம் மக்கர் செய்தது. "தோச கல்லுல ஒட்டுது நைனா. சரியாவுற வரைக்கும் யாருக்கும் லீவு இல்ல" என்றாள், அப்பாவுக்குப் புரிகிற மாதிரி. வராத பெண்ணுக்குச் சுட்ட முறுக்கை இரண்டு முறையும் மாடியில் இருந்த நான்தான் தின்று தீர்த்தேன்.

பொங்கலுக்கு அக்கா மாவே அரைக்கவில்லை. அன்றுதான் நைனா நிஜமாகவே பயந்துபோனார்.

"நாந்தான் கெடுத்துட்டேன் சார். தட இருக்கணும்னு வேண்டிகினேன். இருக்குது. பாப்பாவும் அங்கியே இருக்குது."

என்னையும் இழுத்துக்கொண்டு மலையேறினார். வேண்டுதலை வாபஸ் வாங்க முடியுமா என்று குருக்களிடம் கேட்டார். குருக்கள் சிரிக்காமல், "வாபஸெல்லாம் கிடையாது. வேணும்னா புதுசா ஒண்ணு வேண்டிக்கோங்கோ" என்றார். புதிதாகக் கொடுக்க என்ன இருக்கிறது? தலைமுடியும் தாடியும் ஏற்கெனவே தடைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நைனாவின் கை மெல்ல மீசைக்குப் போனது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"தட இருக்கட்டும், போவட்டும், அது அவங்க பாடு. எம்பொண்ணு வூட்டுக்கு வரணும். மீசய வெச்சுக்கோ!"

மாசி பிறந்ததும் போன் வந்தது. "தோச ஒட்டாம வந்துடுச்சு நைனா! மெஷின் பாஸ். லீவு குடுத்துட்டாங்க!"

விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கிய சேதி வந்ததும் நைனா முடி எடுக்கும் மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சேரட்டும் என்று அக்கா கத்தினார். "மெட்ராஸு வந்தா வூடு வந்த மாதிரிதான்!" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோ ஏறினார். தோளில் புரளும் முடியும் நெஞ்சு வரைக்கும் தாடியும் அப்படியே இருக்க, நடுவில் மீசையை மட்டும் எடுத்துக்கொண்டு நேராக ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்தார். எனக்கே அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆனது.

சென்னை ரயிலிலிருந்து கௌரி இறங்கினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வணக்கம் சொன்னாள். பக்கத்தில் நின்ற தாடிக்காரரைத் தாண்டி அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "நைனா வரலியாம்மா?" என்று கேட்டாள்.

நைனாவின் உதடு துடித்தது. அதை மறைக்க மீசையும் இல்லை. ஒருவழியாக, "பாப்பா" என்றார்.

அந்தக் குரலுக்குத் திரும்பியவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அந்தத் தாடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். தடையும் இருக்கிறது, அந்தத் தாடியும் இருக்கிறது. கௌரி ஷாங்காய்க்குத் திரும்பியதிலிருந்து, அவள் ஊருக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும் மீசை என்று வேண்டுதல். செய்தியில் சைனா, சிப் என்று ஏதாவது வந்தால் எனக்கு உலக வர்த்தகம் நினைவுக்கு வருவதில்லை. நைனாவுக்குப் போன் செய்து, "மீசை இருக்கா?" என்று கேட்கிறேன். "இருக்குது சார்" என்று கம்மிய குரலில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன வாரம் கேட்டபோது, "இல்ல சார். காலையிலதான் எடுத்தேன்!" என்றார். பின்னால் எண்ணெய்ச் சட்டி சடசடத்தது. "சாருக்கும் சேத்து சுட்டுகினு இருக்கேன்னு சொல்லுய்யா" என்று ராஜம்மா அக்காவின் குரல் கேட்டது.

அடுத்த ரயிலைப் பிடித்துவிட்டேன்.