மலையை நோக்கிப் பத்து முறை

நான் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன், கணிதப் பட்டதாரி. நான் நட்ட எல்லைக் கற்கள் இம்மாவட்டத்தில் இன்றும் நேராகவே நிற்கின்றன. ஓய்வுக்குப் பின் ஒரு பௌர்ணமிகூடக் கிரிவலம் தவறியதில்லை. (அதைத் தெருவார் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டவனும் நானே.)

இத்தகையவனின் முதுகு ஒரு நாள் இடப்பக்கம் சாய்ந்தது. இடுப்பில் கிளம்பிய வலி மின்சாரம்போல் வலது கெண்டைக்கால்வரை ஓடியது. ‘சயாட்டிகா’, அதாவது கால் நரம்பு வலி என்றார் மருத்துவர்; பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கிருந்த சுகந்திக்கு முப்பது வயது இருக்கும். என் காலை இரண்டு முறை தூக்கிப் பார்த்தார். குப்புறப் படுக்கச் சொன்னார்.

“கைய ஊணி நெஞ்ச மட்டும் தூக்குங்க சார். இடுப்பு கீழயே இருக்கட்டும். பத்து வாட்டி.”

பத்தாவது முறையில் வலி கெண்டைக்காலை விட்டுத் தொடைக்கு ஏறியது. அது மேலே ஏறுவது நல்ல அறிகுறி என்றும், மறுபடி கீழே இறங்கினால் இருந்த இடத்திலேயே படுத்து இதைச் செய்துவிட வேண்டும் என்றும் விளக்கினார். எந்தக் கருவியும் இல்லாமல் கோணல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த அந்தப் பெண்ணை மனத்துக்குள் வணங்கினேன். வாய்விட்டுப் பாராட்டவில்லை. (பழக்கமில்லை.)

“இந்தப் பௌர்ணமிக்கு கிரிவலம் வேணாம் சார். பதினாலு கிலோமீட்டர் ரொம்ப ஜாஸ்தி. நானும் அம்மாவும் போறோம். வழியில உங்களப் பாத்தேன், அவ்ளோதான்.”

அவர் சொன்னதைக் கேட்டிருப்பேன். ஆனால் பௌர்ணமியன்று மதியம் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் சம்பந்தி வந்து சேர்ந்தார்.

“என்னா சம்பந்தி, ஒரு பக்கமா நிக்கறீங்க? முடியலன்னா வூட்லயே இருங்க. உங்களுக்கும் சேத்து நான் சுத்திட்டு வந்துடறேன்.”

இதற்குப் பின் வீட்டில் இருப்பவன் மனிதனா? “ஏங்க, அந்தப் பொண்ணு...” என்று ஆரம்பித்த மனைவியைப் பார்வையாலேயே அடக்கினேன். சிகிச்சை விஷயம் சம்பந்திக்குத் தெரியவே கூடாது.

பாதி வழியிலுள்ள அடி அண்ணாமலைவரை கௌரவம் நடத்திச் சென்றது. அங்கே வலி சரசரவென்று கெண்டைக்காலுக்கு இறங்கியது; அதற்குமேல் ஓரடி வைக்க இயலவில்லை. சாலையோரம் துண்டை விரித்தேன். மலையை நோக்கிக் கால் நீட்டுவது தகாது. அந்த வேதனையிலும் திசை பார்த்துத் தலையை மலைப்பக்கம் வைத்துக் குப்புறப் படுத்து, நெஞ்சைத் தூக்கினேன். ஒன்று. இரண்டு.

“இன்னா வேண்டுதலுங்க ஐயா?” என்றது ஒரு பெண்குரல்.

சம்பந்தி பக்கத்திலேயே நின்றார். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. “பத்து முறை செய்ய வேண்டும்” என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை.

நான் ஐந்தை எட்டுவதற்குள் என் இடப்பக்கம் ஒரு வேன் ஜனமே படுத்துவிட்டது. “எங்களுக்கும் தெரியும் சம்பந்தி” என்று வலப்பக்கம் சம்பந்தியும் படுத்தார். நான் எட்டில் இருந்தபோது தலைக்கு மேலே பழகிய குரல் கேட்டது.

“சார்! இடுப்பத் தூக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? நரம்பு வலிய வெச்சிக்கினு கிரிவலமா?”

தாயாருடன் சுகந்தி. வரிசை முழுவதும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. சம்பந்தி சிரிக்க முயன்றார், “ஐயோ” என்றார். அவர் இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது.

அதன் பிறகு அந்தப் பெண் செய்ததை மெச்சாமல் இருக்க முடியாது. சிரிக்கவில்லை, பதறவில்லை. சம்பந்தியைப் பக்கவாட்டில் உருட்டி, முழங்காலை மடக்கி, கையை ஊன்ற வைத்து நான்கே அசைவில் எழுப்பினார். படுத்திருந்தவர்களிடம், “இது வேண்டுதல் இல்லீங்க, வைத்தியம். எழுந்திருங்க” என்றார். ஒரு பாட்டி மட்டும், “எதா இருந்தா இன்னா, நல்லாதாம்மா இருக்குது” என்று பத்தையும் முடித்தார்.

என்னையும் சம்பந்தியையும் ஒரே ஆட்டோவில் ஏற்றினார். என் பௌர்ணமிக் கணக்கு அன்றோடு அறுந்தது. அடுத்த இரண்டு மாதங்கள் அவர் சொன்னபடி நடந்தேன். இன்று எல்லைக் கல்போல் நிற்கிறேன். இம்முறை வாய்விட்டே பாராட்டினேன்.

எங்கள் வீட்டில் இன்றும் யார் குப்புறப் படுத்தாலும், “மலை எந்தப் பக்கம்?” என்று கேட்கிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் அடி அண்ணாமலையில் நான் விழுந்துவிட்டதாகவும், என்னைத் தூக்கவே தாம் குனிந்ததாகவும் கீழ்பென்னாத்தூர் முழுக்கச் சம்பந்தி சொல்லி வருகிறார். அது தவறு. நான் விழவில்லை, படுத்தேன். எழ முடியாமல் கிடந்தவர் அவர்.