கடலுக்கு ஒன்றரை நாள், காட்டுக்கு ஒன்றரை நாள்

லான்செஸ்டன், டாஸ்மேனியா
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க கொழுந்தியாள் எல்வாவுக்கு,

அத்தான் லெஸ் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? முதலில் நல்ல செய்தி: உன் அக்கா பெரில் உன் வீட்டுக்குக் குடிவரப் போவதில்லை. தையல் மெஷினை அந்த அறையிலிருந்து நகர்த்த வேண்டாம். அப்பாடா என்று நீ மூச்சு விடுவது இங்கே கேட்கிறது. நானும் விட்டுக்கொண்டேன்.

உனக்குத் தெரியும், உன் அக்காவுக்குக் கடல், எனக்குக் காடு. முப்பத்தெட்டு வருடமாகக் காடுதான் ஜெயித்தது. இந்தத் தடவை, "திரும்பவும் மலைமலையா இழுத்தடிச்சீங்க, நான் எல்வா வீட்டுக்குப் போயிடுவேன். ஒரேயடியா!" என்றுவிட்டாள். நான் பயந்துபோய் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, ஸ்கேல் வைத்து மூன்று நாள் பயணத்தைச் சரிபாதியாகப் பிரித்தேன். இரண்டாம் நாள் பகல் பன்னிரண்டுக்குக் கடல் முடியும், காடு தொடங்கும். இதைவிட நியாயமாக ஒரு கணவன் நடக்க முடியுமா, சொல். ஆனால் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டால்ஃபின் கூட்டம் கரையோரமாக வந்து தொலைத்தது. "லெஸ், குட்டியோட வந்திருக்குங்க!" என்று இவள் கத்த, நான் காரிலிருந்து ஹார்ன் அடித்தேன். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பிக்கொண்டு வந்தாள். மலையடிவாரத்தில் நடைபயணிகள் பதிவேட்டில் பெயர் எழுதும்போது மட்டும் என்னவோ நீளமாக எழுதினாள். கேட்க எனக்குத் தைரியமில்லை.

மேலே ஏறினால் அட்டை, சேறு, குளிர். சாப்பிடப் பையைக் கீழே வைத்தேன். ஒரு கர்ரவாங் வந்தது. அந்தக் கறுப்புப் பறவை ஜிப்பை மனிதன் மாதிரி இழுத்துத் திறந்து, சாண்ட்விச்சை விட்டுவிட்டு என் பயணத் திட்டத்தைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது! பெரில் சிரித்தாள் பார், சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பறவைக்காவது உங்க திட்டம் உபயோகப்படட்டும்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மழை பிடித்துக்கொள்ள, கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினோம். நேராகக் கடற்கரைக்கே திரும்பி, சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை வாங்கித் தின்றுகொண்டு இருட்டும்வரை அலையைப் பார்த்தோம். எல்வா, நான் பிழைத்தேன்.

உன் முழங்காலும் உன் மாமரமும் நன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
லெஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது கதவு தட்டினார்கள். முழங்கால்வரை சேற்றோடு ஒரு போலீஸ்காரம்மா, கையில் அந்தப் பதிவேடு. "லெஸ் டன்ஸ்டன் நீங்கதானா? மலைய விட்டு இறங்கினதும் கையெழுத்துப் போடணும்னு தெரியாது? பதினாலு பேர் காலையிலேர்ந்து தேடுறோம்." 'அடுத்து எங்கே' என்ற இடத்தில் நான் எழுதியது, வீடு. பெரில் எழுதியது, 'தங்கை வீடு. தனியாக. இவரை இனி பார்க்க மாட்டேன்.' அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க சம்சாரம் எங்க? உயிரோட கண்ணால பாக்கணும்" என்றார்.

பெரில் மாவுக்கையோடு வந்தாள். "இறங்கினதும் அந்த வரிய அடிச்சிடலாம்னுதான் இருந்தேன். மழை வந்துடுச்சு" என்றாள். பிறகு என்னிடம், "நீங்க ஸ்கேல் வச்சுப் பிரிச்ச அன்னிக்கு ராத்திரியே எல்வா ஊருக்கு ஒரு டிக்கெட் வாங்கிட்டேன். நேத்து இன்னொண்ணும் வாங்கினேன். எல்வா வீட்டுக்கு முன்னால கடல், பின்னால காடு. நீங்களும் வாங்க. திட்டம் கிட்டம் போட்டீங்க, தெரியும் சேதி!"

ஆகவே எல்வா, தையல் மெஷினை நகர்த்திவிடு. தலையணை இரண்டு. அடுத்த வாரம் வியாழக்கிழமை வருகிறோம். எத்தனை மணிக்கு என்று எழுத எனக்கு அனுமதியில்லை.