வெயிலில் காய்ந்த ஊதாக் காளை

புதுக்கோட்டையில் பிடிவாதம் என்றால் அது எங்கள் டெஸ்பாட்ச் அண்ணன்தான். மற்றவர்களிடம் இருப்பதெல்லாம் அவர் அரம் போட்டபோது சிதறிய தூள்.

எங்கள் அலுவலகத்தில் தபால்களுக்கு நம்பர் போட்டு அனுப்புவது அவர் வேலை. அதனால் பெயரே டெஸ்பாட்ச் ஆகிவிட்டது. அவர் மனைவியே போனில் "டெஸ்பாட்ச் இருக்காகளா?" என்றுதான் கேட்பார். நம்பர் இல்லாத காகிதம் அவருக்குக் காகிதமே இல்லை. மகள் கல்யாணப் பத்திரிகையைக்கூட மூலையில் நம்பர் போட்டுத்தான் மேனேஜரிடம் நீட்டினார்.

சாப்பாட்டு இடைவேளையில் மரம் செதுக்குவார். ஒருமுறை அவர் கையில் சிக்கியது, வெளிநாட்டு மிஷின் ஒன்றுக்கு அடியில் முட்டாக வந்த கட்டை. தென் அமெரிக்க மரமாம். நிறம் கத்தரிக்காய் ஊதா, கனம் கருங்கல். உளி பட்டால் உளிதான் மழுங்கும். அதோடு ஆறு மாதம் மல்லுக்கட்டி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை செய்தார். திமிலும் கொம்பும் அப்படியே பாய்ந்து வரும்.

"ஊதா கலர்ல மாடு எங்கண்ணே இருக்கு?" என்றேன்.

"மாடே ஒண்ணும் சொல்லல. ஒனக்கென்ன தம்பி?"

ஆண்டுவிழாக் கைவினைப் போட்டிக்கு அதை வைத்தார். போட்டிச் செயலாளர் நான். பெயிண்ட், சாயம் கூடாது என்பது விதி. நடுவராக வந்தவர் அன்னவாசல் டிராயிங் மாஸ்டர். காளையை நகத்தால் சுரண்டினார், மோந்து பார்த்தார். "சாயம் பூசியது. தள்ளுபடி" என்று சொல்லச் சொல்ல, சீட்டில் எழுதி ஒட்டியது நான்தான்.

அண்ணன் வந்துவிட்டார். "யாரு பூசுனா?"

"சார், நான் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பாத்து வளந்தவன். எனக்கே கலர் காட்டாதீங்க."

"அம்புட்டுப் பழைய சாயத்தப் பாத்தவருக்கு மரத்தப் பாக்கத் தெரியலையே!"

"அண்ணே, போன்ல தேடிக் காட்டிருவோம்" என்று நான் இடையில் புகுந்தேன்.

"போன் சொன்னா நம்புவீங்க, முப்பது வருஷமா கூட இருக்கவன் சொன்னா நம்ப மாட்டீங்களா? உள்ள வையி அத!"

எலக்ட்ரீஷியனிடம் ஹாக்ஸா பிளேடு வாங்கி, எல்லார் முன்னாலும் காளையை நடுவில் அறுக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஆனது. மாஸ்டர் இரண்டு டீ குடித்துவிட்டார். கடைசியில் காளை இரண்டாக விழுந்தது. உள்ளே சுத்தமான பழுப்பு. ஊதா மேல்தோலில் மட்டும்தான் இருந்தது.

ஹாலே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்.

அண்ணன் கண்கூடச் சிமிட்டவில்லை. "அறுத்த ஒடனே இப்படித்தான் இருக்கும். வெயில் பட்டா அதுவா ஊதாவாகும்."

"அத அறுக்கிறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதாண்ணே?"

"சொன்னா நம்பிருப்பீகளா?"

மறுநாள் காலையில் அவர் மேசை, நாற்காலி, முத்திரை, பசை டப்பா எல்லாம் கொடிக்கம்பத்தடிக்குக் குடிபெயர்ந்திருந்தன. ஸ்டூல் மேல் காளையின் இரண்டு பாதிகளும் வெயில் காய்ந்தன. குடை அண்ணனுக்கு மட்டும்.

இருக்கையில் இல்லாததற்கு மேனேஜர் மெமோ கொடுத்தார். ஆனால் எந்த மெமோவும் டெஸ்பாட்ச் நம்பர் இல்லாமல் வெளியே போகாதே. அண்ணனே நம்பர் போட்டார், தனக்குத் தானே வழங்கினார், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார். 'மரம் ஊதாவாகும்வரை உள்ளே வர இயலாது' என்று பதில் எழுதி, அதற்கும் நம்பர் போட்டு உள்ளே அனுப்பினார். மேனேஜர் அதோடு விட்டுவிட்டார்.

வாட்ஸ்அப் குரூப்பில் அவருக்குச் 'சாயம்' என்று பட்டம் கட்டினார்கள். மூன்றாம் நாள் அறுத்த பக்கம் லேசாகச் சிவந்தது. "இம்புட்டு நேரம் வெயில்ல இருந்தா கண்ணுக்கு எல்லாமே செவப்பாத்தான் தெரியும்" என்றார் வாட்ச்மேன். மேகம் வந்தால் அண்ணன் அண்ணாந்து பார்த்து, "அங்கிட்டுப் போ!" என்பார். அதுவும் போகும். புதுக்கோட்டை மேகத்துக்கு அது பழக்கம்தான்.

பதினோராம் நாள் அறுத்த பக்கம் முழுக்க ஊதா. சேதி கேட்டு மாஸ்டரே பஸ் ஏறி வந்தார். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"என் தப்புதாங்க. ஒட்டிக் குடுங்க, மொதப் பரிசுக்குச் சொல்றேன்."

"பரிசு யாருக்கு வேணும்? அந்தச் சீட்டுல 'சாயம்'னு இருக்கறத அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

மாஸ்டர் அடித்தார், கையெழுத்துப் போட்டார். அண்ணன் சீட்டுக்கு நம்பர் போட்டு, முத்திரை குத்தி, நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, மேசையை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

காளையை அவர் ஒட்டவே இல்லை. முன்பாதியைத் தான் வைத்துக்கொண்டு, பின்பாதியை என்னிடம் கொடுத்தார். "வச்சுக்க தம்பி" என்றார், அவ்வளவுதான். சீட்டை எழுதியவன் நான் என்பதும், முதல் சிரிப்பு என்னுடையது என்பதும் அவருக்குத் தெரியும்.

பதினோரு நாளும் ஜன்னல் வழியாகத்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அந்த வெயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.