ஒலிப்பெட்டி மட்டும் வேண்டாம்

எங்கள் பழைய கார் இரண்டு முறை இருமும். பிறகு தொண்டையைச் செருமும். அதற்குப் பிறகுதான் கிளம்பும். அந்தச் செருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் தெருமுனையில் திரும்பும்போதே அது என் மனைவிக்குக் கேட்டுவிடும். வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். இத்தனை வருடமும் அவள் எனக்காகக் காத்திருந்தது அந்தச் சத்தத்தை வைத்துத்தான். வீட்டில் உட்கார்ந்து நான் அவளுக்காகக் காத்திருக்க நேர்ந்ததில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது.

ஒரு நாள் அந்தக் கார் இருமியதோடு நின்றுவிட்டது. செருமவில்லை. மின்சாரக் கார் வாங்கினோம்.

வாங்கிய அன்றே ஒரு சிக்கல். புது வண்டிக்குக் கியர் மாற்றும் வேலையே கிடையாது. ஊருக்கெல்லாம் அது வசதி. எனக்கு ஆபத்து.

போன மழைக்காலத்தில் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நான் கட்டிலில் கிடந்தேன். அந்த இடைவெளியில் என் மனைவி ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவள் அக்கா தனியாக இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். நினைத்தபோது போய் அக்காவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் இவள் ஆசை. நான் கூட்டிப்போகாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போவேன். இன்ஜினை அணைக்காமல் அக்கா வீட்டு வாசலிலேயே காத்திருப்பேன்.

"நானே ஓட்டிட்டுப் போய்ட்டு வர்றேனே" என்று கேட்கும்போதெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான்.

"அந்தக் கியர் உன் பேச்சைக் கேக்காது."

"உங்க பேச்சை மட்டும் கேக்குதா?"

இப்போது கியரே இல்லை. என் கோட்டையின் கடைசிச் சுவரும் விழுந்தது.

ஆகவே ஒரு மகத்தான முடிவுக்கு வந்தேன். கடையில் இருக்கிற பாதுகாப்புச் சாமான்களையெல்லாம் வாங்கி வண்டிக்குப் போட்டுவிடுவது. நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அட்டிகை மாதிரி அது ஆகிவிட வேண்டும். அதைத் தொட அவளுக்கே கை கூச வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போனால் அவள் வேண்டாம் என்பதை நான் வாங்குவேன். வாங்கலாம் என்பதை விட்டுவிடுவேன். நான்தான் இந்த வீட்டுக்குத் தலைவன் என்பதற்கு வேறு அத்தாட்சி என்னிடம் இல்லை.

கார் சாமான் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, "என்ன சார் வேணும்?" என்றார்.

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"வண்டி மேல தூசி விழக் கூடாது. விழுந்தாலும் வண்டிக்குத் தெரியக் கூடாது."

அவர் என் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பது எல்லாக் கடைக்காரர்களுக்கும் உள்ள பழக்கம்.

"முதல்ல தரைக்கு மேட் போட்டுடலாம் சார். இது ஓரம் உசந்தது. சேறோட ஏறினாலும் கார்ப்பெட்டுல ஒட்டாது."

"வேண்டாங்க" என்றாள் மனைவி. "இவர் செருப்பைத் துடைச்சுட்டுத்தான் ஏறுவார்."

வாங்கினேன்.

"சீட் கவர்?"

"அது வேண்டவே வேண்டாம். சீட்டுக்குப் பக்கத்துல ஏர்பேக் இருக்கு. கவர் அதை மூடிடும்."

"அந்த இடத்துல திறக்கிற மாதிரி தைச்ச கவர் இருக்கும்மா."

வாங்கினேன். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை.

"சீட்டுல ஏர்பேக் இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

"வண்டியோட ஒரு புத்தகம் குடுத்தாங்களே."

"அதை எதுக்குப் படிச்சே?"

"தூக்கம் வரலீங்க."

கடைக்காரர் பக்கக் கண்ணாடியில் ஒட்டுகிற சின்ன வட்டக் கண்ணாடிகளை எடுத்து வைத்தார். ஓரத்தில் வருகிற வண்டியும் தெரியுமாம். "இவர் கழுத்தைத் திருப்பியே ஓட்டிப் பழகினவர், எதுக்கு?" என்றாள். வாங்கினேன். இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது, அதனால் காற்றடிக்கும் குட்டிப் பம்ப் ஒன்று வேண்டும், பொத்தானை அழுத்தினால் போதும் என்றார். "பொத்தான் எதுக்கு? இவர் வாயாலேயே ஊதிடுவார்" என்றாள். அதையும் வாங்கினேன். பம்பர் மூலைக்குக் காப்பு, கதவு விளிம்புக்குக் காப்பு, பெயிண்ட்டுக்கு மேலே ஒட்டுகிற பிலிம், தொடுதிரைக்கு ஒரு கண்ணாடி, வெயில் மறைப்பு, மொத்த வண்டிக்கும் ஒரு போர்வை. அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மேஜை நிறைந்தது.

"ஓட்டற சீட்டு மேல போடற மெத்தை இருக்கு சார். குள்ளமா இருக்கறவங்களுக்கு ரோடு நல்லாத் தெரியும்."

"இவர்தான் பனைமரம் மாதிரி இருக்காரே. வேண்டாம்."

வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசியாக ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. மின்சார வண்டி சத்தமில்லாமல் நகரும். இந்த ஒலிப்பெட்டியைப் பொருத்தினால் கிளம்பும்போது உறுமும், பின்னோக்கி எடுக்கும்போது கூவும்.

என் மனைவி அதைக் கையில் எடுத்தாள்.

"இது கட்டாயம் வேணுங்க. சத்தமே இல்லைன்னா நீங்க வர்றது எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் குரல் தழுதழுத்த மாதிரி இருந்தது. எனக்கும் ஒரு கணம் என்னவோ செய்தது. ஆனால் தலைவன் தலைவன்தான்.

"வேண்டாம்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"இந்த ஒண்ணு மட்டும் வேண்டாம்."

"உங்க இஷ்டம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

எல்லாவற்றையும் பொருத்தி முடித்த பிறகு, வீட்டுக் கொட்டகையில் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். தலை கூரையில் இடித்தது. பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"கிளம்பலையே?"

"கிளம்பி ரொம்ப நேரமாச்சுங்க."

"சத்தம் வரலையே?"

"வராதுங்க. மெத்தையை எடுத்துடட்டுமா? கழுத்து வலிக்கப் போகுது."

"இருக்கட்டும்."

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன். திரும்பியதும் அவள் வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்து ஒவ்வொரு காப்பையும் தடவிப் பார்த்தாள்.

"இப்ப யார் ஓட்டினாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, இல்லீங்களா?"

"ஒண்ணும் ஆகாது" என்றேன், பெருமையாக.

"யார் ஓட்டினாலும்?"

"அதான் சொல்றேனே, யார் ஓட்டினாலும்."

மறுநாள் காலை கழுத்து திரும்பவில்லை. கூடத்து நாற்காலியில் வெந்நீர்ப் பையோடு சாய்ந்தேன். ஒரு சாவி இடுப்பில் இருந்தது. இன்னொரு சாவியைப் பத்திரமாக வைப்பது அவள் பொறுப்பு. காதைக் கொட்டகைப் பக்கமே வைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

"காபி கிடைக்குமா?" என்றேன். பதில் இல்லை. சமையலறைக்குப் போனேன். அடுப்பு சில்லென்று இருந்தது. கொட்டகைக்குப் போனேன். வண்டியின் போர்வை, இஸ்திரி போட்ட புடவை மாதிரி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. வண்டி இருந்த இடத்தில் வெயில் இருந்தது.

போன் செய்தேன்.

"எங்க இருக்கே?"

"அக்கா வீட்டுல."

"எனக்குச் சத்தமே கேக்கலையே?"

"நீங்கதானே அந்தப் பெட்டி வேண்டாம்னீங்க."

"நீதானே அது வேணும்னு சொன்னே?"

"ஆமாங்க. சொன்னேன்."

மடித்து வைத்திருந்த போர்வையைப் பார்த்தேன். அப்புறம் புரிய ஆரம்பித்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"வண்டிக்கு..."

"ஒரு கீறல் இல்ல. மெத்தைதான் ரொம்ப வசதி."

அந்தப் பக்கம் அவள் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. வாசலில், வண்டிக்குள்ளேயே இருந்தால் எப்படிக் கேட்கும்?

அன்று சாயங்காலம் முழுக்கக் கூடத்து நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி தெருமுனையில் எப்போது திரும்பியது என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் வந்து நின்றதும் தெரியவில்லை. அடுப்பில் தண்ணீர் வைக்க எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை.

அவள் அக்கா இப்போது கைத்தடியோடு நன்றாக நடக்கிறார். எங்களோடுதான் இருக்கிறார். வண்டியில் என் மனைவிக்குப் பக்கத்து இருக்கை அவருக்கு. நான் பின்னால் உட்காருகிறேன்.